இஞ்சின் ரூமில் தண்ணீர் கண்டால்

முடசலோடைத் துறையிலிருந்து விசைப்படகில் முதன்முறையாக இஞ்சின் பொறுப்பேற்றுப் போகும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். சின்ன ஃபைபர் போட்டில் இஞ்சின் கண்ணெதிரே இருக்கும். தண்ணீர் ஏறினால் காலிலேயே தெரிந்துவிடும். விசைப்படகில் அது தளத்துக்கு அடியில் கிடக்கிறது. அங்கே தண்ணீர் சேருவது மேலே நிற்பவனுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் இறைத்துக் கொட்டுகிறவன்தான் அதிகம், எந்த வழியாக வந்தது என்று தேடுகிறவன் குறைவு.

1. சாவியைத் தொடுவதற்கு முன் மூடியைத் திறந்து பார். உள்ளே ஒரு கட்டையில் பெயிண்டால் கோடு போட்டு வை. ராத்திரி கட்டிக் கிடந்த படகில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே நிற்கிறதா, மேலே வந்துவிட்டதா என்று தினமும் கவனி. ஆட்டோமேட்டிக் பம்ப் வைத்திருந்தால் இன்னும் கூடுதலாகக் கவனி. கசிவு பெருகினாலும் பம்ப் அதை இறைத்து மறைத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி இறங்கும் அன்றைக்குத்தான் உனக்குத் தெரியும்.

2. விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பு. உப்புக் கரித்தால் வெளித் தண்ணீர். கரிக்காவிட்டால் மழைத் தண்ணீரோ, தொட்டித் தண்ணீரோ. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சோதனையை மட்டும் நம்பாதே. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் வெள்ளம் கொண்டுவரும் நாளில் நம் கழியிலேயே உப்பு குறைந்துவிடும். அப்போது படகுக்கு வெளியே உள்ள தண்ணீரையும் ஒரு வாய் பார்த்து ஒப்பிடு.

3. முதலில் தேட வேண்டிய இடம் கிளாண்டு. விசிறிக்குப் போகும் ஷாஃப்ட் படகைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் இடம் அது. கிரீஸ் ஊறிய பேக்கிங் கயிறுதான் அங்கே கடலைத் தடுத்து நிறுத்துகிறது. ஷாஃப்ட் சுற்றும்போது சொட்டுச் சொட்டாக விழுவது நல்லது. அந்தச் சொட்டுதான் ஷாஃப்டைக் குளிர வைக்கிறது. நின்றதும் சொட்டு நிற்க வேண்டும், அல்லது அரிதாக வேண்டும். ஒழுக்காக ஓடினால் இரண்டு நட்டையும் சமமாக, கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்கு. கொஞ்ச நேரம் ஓடவிட்டு கிளாண்டின் மேல் கை வைத்துப் பார். சூடு கை தாங்கவில்லை என்றால் இறுக்கியது அதிகம், தளர்த்து. ஒரு சொட்டுகூட விழக்கூடாது என்று முறுக்குகிறவன் ஷாஃப்டில் பள்ளம் விழவைக்கிறான். பள்ளம் விழுந்தபின் எந்தப் பேக்கிங்கும் அதில் நிற்காது, ஷாஃப்டையே மாற்ற வேண்டிவரும்.

பேக்கிங் மாற்றும்போது ஒரே நீளக் கயிறாகச் சுற்றாதே. வளையம் வளையமாகச் சாய்வாக வெட்டி, ஒன்றின் ஒட்டு மற்றொன்றின் ஒட்டுக்கு நேரே வராமல் திருப்பிப் போடு. படகு தண்ணீரில் மிதக்கும்போது பழைய பேக்கிங்கை மொத்தமாக உருவாதே. கரையேற்றிச் செய்.

4. அடுத்தது ஓஸ் பைப். இஞ்சினைக் குளிர வைக்கக் கடல் தண்ணீர் எடுக்கும் பைப்பில் கிளிப் துருப்பிடித்திருக்கும், ரப்பர் வெடித்திருக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப் போடு, அதுவும் துருப்பிடிக்காத ஸ்டீலாக. கசிவு இஞ்சின் ஓடும்போது மட்டும் வருகிறதென்றால் வாட்டர் பம்பின் சீலைப் பார்.

5. மரப் படகானால் அடுத்துப் பலகை ஒட்டுகளைப் பார். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து வேலைக்கு இந்த நாட்களை விட்டால் வேறு நாள் கிடைக்காது. கரையில் காய்ந்த பலகை சுருங்கியிருக்கும். இறக்கிய புதிதில் கொஞ்சம் கசிந்து, மரம் ஊறியதும் அடைபடும். நாட்கள் கழிந்தும் அடைபடாவிட்டால் அது வேறு கோளாறு. கப்பல் புழு துளைத்த பலகை வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே சல்லடையாக இருக்கும். சுத்தியலால் தட்டிச் சத்தத்தைக் கேள். முகத்துவார மணலில் படகு தட்டினால், அன்றைக்கே மூடியைத் திறந்து கிளாண்டையும் அடிப்பலகையையும் பார்.

6. கடலில் படகுக்குள் தண்ணீர் ஏறினால் இஞ்சினை நிறுத்த அவசரப்படாதே. நிறுத்தினால் பம்பும் போகும், படகைத் திருப்பும் சக்தியும் போகும். கசிவு கிளாண்டில் என்றால் மட்டும் ஷாஃப்டை நிறுத்தி, கிரீஸ் தடவிய துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டு.

ஒரு கணக்கை மனசில் வை. நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே ஓர் அங்குல ஓட்டை இருந்தால் நிமிடத்துக்கு ஐம்பது லிட்டருக்குக் குறையாமல் உள்ளே வரும். இரண்டு அங்குலமானால் அதன் நான்கு மடங்கு. வாளியால் அதை வெல்ல முடியாது. துணியோ மரக்குச்சியோ அடித்து ஓட்டையைச் சிறிதாக்கு, பிறகு இறை. ஒவ்வொரு குழாய்த் துளைக்கும் பொருந்துகிற கூம்புக் கட்டை ஒன்றைப் பக்கத்திலேயே கயிற்றில் கட்டி வை. கடல் தண்ணீரில் குளிரும் இஞ்சினானால் இன்னொரு வழியும் உண்டு. அடி வால்வை மூடி, உறிஞ்சும் ஓஸைக் கழற்றி, வலைத்துணி சுற்றி உள்ளே தேங்கிய தண்ணீரில் போடு. இஞ்சினே இறைத்து வெளியே தள்ளும். தண்ணீர் தீரும் முன் ஓஸை மறுபடி மாட்டி வால்வைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இஞ்சின் சூடேறிவிடும். ஒருவன் அங்கேயே உட்கார்ந்து பார்க்கட்டும்.

நிலைமை கைமீறும் வரை காத்திராதே. வி.எச்.எஃப். 16ஆம் சேனலில் சொல். செல்போன் எடுக்கும் தூரமானால் கடலோரக் காவல்படைக்கு 1554. எல்லோரையும் உயிர்காப்புச் சட்டை போடச் சொல்.

7. பேட்டரியை உயரத்தில் கட்டு. கடல் தண்ணீர் அதற்குள் போனால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது ஆளைச் சாய்த்துவிடும்.

8. மூழ்கிய இஞ்சினை ஆசைப்பட்டு ஸ்டார்ட் செய்யாதே. சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்று. பால்போல் வெளுத்த ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்று. இதை அன்றே செய்தால் இஞ்சின் பிழைக்கும், மறுநாளென்றால் துரு பிடித்திருக்கும்.

9. ஆயில் கலந்த தண்ணீரைக் கழிக்குள் திறந்துவிடாதே. பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டின் வேரடியில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. கிள்ளையில் இருளர் குடும்பங்கள் இந்தத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கின்றன. மேலே மிதக்கும் ஆயிலைப் பழைய துணியால் ஒற்றி எடுத்து, கேனில் ஊற்றிக் கரைக்குக் கொண்டுவா, தம்பி.