மோட்டார்க் கைச்சக்கரத்திற்குக் கயிறு சுற்றுதல்

ஓய்வுக்கால உபதொழில் பற்றிய ஒரு பாடம்

பயிர்த்தொழிலிலும் நெசவிலும் ஈடுபட்ட குடும்பங்களுக்கு வருஷத்தில் சில காலம் கை ஓய்ந்திருப்பதுண்டு. அக்காலத்தில் சிறு வரும்படி தேடித் தரத்தக்க ஒரு வேலையைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு இங்கே எடுத்துரைக்கிறோம். பழைய மோட்டார் கார்களின் ஸ்டீயரிங் சக்கரத்தின் மேல் நூற்கயிறு சுற்றி, அலங்கார முடிச்சுகள் இடுவதே அவ்வேலை. இதற்கு யந்திரம் வேண்டாம், பெருமுதலும் வேண்டாம். வேண்டுவது பொறுமையும், இழை தளராது பிடிக்கும் கையுமே.

1. வரலாறு

இவ்வித்தை கப்பல் மாலுமிகளிடமிருந்து வந்தது. கப்பலின் சுக்கான் சக்கரத்தில் ஒரு கைப்பிடிக்கு மட்டும் தலைப்பாகை வடிவில் முடிச்சு இடுவர். அம்முடிச்சு உச்சியில் நின்றால் சுக்கான் நேராக உள்ளதென்று இருட்டிலும் கை தொட்டு அறியலாம். ஆகவே அது வெறும் அழகன்று, அடையாளமும் ஆகும்.

ஆதிகாலத்து மோட்டார்களின் கைச்சக்கரங்கள் மரத்தாலும், பின்னர் இரும்பு வளையத்தின் மேல் கெட்டி ரப்பர், ஸெலுலாய்டு முதலியவற்றாலும் செய்யப்பட்டன. அவை வியர்வையில் வழுக்கும், வெயிலில் வெடிக்கும். 1927 முதல் 1930 வரை பிரான்ஸ் தேசத்து லெ மான் பந்தயத்தில் தொடர்ந்து வென்ற பென்ட்லி கார்களின் காலத்தில், பிடி நழுவாதிருக்கக் கைச்சக்கரத்தில் கயிறு சுற்றும் வழக்கம் பரவியிருந்தது.

நம் நாட்டிலும் மோட்டாரின் சரித்திரம் பழையதே. 1903-ஆம் வருஷத்திலேயே சென்னையில் ஸிம்ப்ஸன் கம்பெனியார் ஒரு நீராவிக் கார் கட்டினர். பழைய கார்களைப் பேணுவோர் இன்று சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ளனர். சென்னை–திருப்பதி சாலையில் செல்லும் லாரிகளிலும் கைச்சக்கரத்தில் பிளாஸ்டிக் வயரோ கயிறோ சுற்றியிருப்பதை நம்மவர் கண்டிருப்பர்.

2. நம் பக்கத்தாருக்கு ஏற்றது ஏன்?

திருத்தணியைச் சுற்றியுள்ள பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய ஊர்கள் நெசவுக்குப் பெயர் பெற்றவை. தார் சுற்றுவோருக்கு நூலின் இழுப்பு ஒரே சீராக இருக்கவேண்டுமென்று எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. அந்தப் பழக்கமே இவ்வேலையில் பாதி மூலதனம்.

3. சாமான்கள்

மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள, நன்கு முறுக்கிய அல்லது பின்னிய பருத்திக் கயிறு உத்தமம். தேங்காய் நார்க்கயிறு கையை அறுக்கும். சணல் பிசிறு உதிர்க்கும். இவை தவிர அடியில் சுற்ற மெல்லிய நாடாத்துணி, மழுங்கிய பெரிய ஊசி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, அளவு நாடா ஆகியவை போதும். பசை உபயோகிக்கலாகாது. பழைய காரின் மூலப்பொருள் கெடாமல், வேண்டும்போது கயிற்றைக் கழற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

4. கயிற்றின் அளவு

நாடாத்துணி சுற்றியபின் சக்கரத்தின் உள்விளிம்பை அளக்க. அது 1,200 மில்லிமீட்டர் என்று கொள்வோம். கயிறு 3 மில்லிமீட்டர் ஆதலால் 400 சுற்றுகள் வேண்டும். வளையத் தண்டின் சுற்றளவு 70 மில்லிமீட்டரானால், கயிற்றின் பருமனையும் சேர்த்து ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 80 மில்லிமீட்டர் செல்லும். 400 சுற்றுக்கு 32 மீட்டர். முடிச்சுக்கும் முனைக்குமாகக் கால்பங்கு கூட்டினால் 40 மீட்டர் ஆகிறது. ஐயமிருப்பின், முடிச்சுடன் பத்துச் சுற்றுப் போட்டு அவிழ்த்து அளந்து, நாற்பதால் பெருக்கிக் கொள்க.

5. செய்முறை

முதலில் சக்கரத்தைச் சோதிக்க வேண்டும். இரும்பு வளையம் துருப்பிடித்து இற்றிருந்தாலும், ஆரக்கால் ஆடினாலும், வேலையை ஏற்கலாகாது, மெக்கானிக்கிடம் அனுப்புக. பழுதின்மேல் கயிறு சுற்றுவது புண்ணை மறைத்துப் பட்டுடுத்துவது போலாம்.

எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நாடாத்துணி சுற்றுக. ஆரக்கால்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே முடிக்க வேண்டும். ஆரக்கால் நான்காயின் ஒவ்வொரு பாகத்துக்கும் பத்து மீட்டர் கயிறு போதும். அதைத் தார்போல் ஒரு குச்சியில் சுற்றிக்கொண்டால் சிக்கு விழாது.

கயிற்றின் முனையைத் தண்டோடு படுக்க வைத்து, அதன்மேலேயே சுற்றத் தொடங்குக. ஒவ்வொரு சுற்றும் வெளிவிளிம்பில் அரை முடிச்சாக முடிய வேண்டும். ஒரு சுற்று வலமாகவும் அடுத்தது இடமாகவும் மாறி மாறி வர, வெளிவிளிம்பில் சடைபோன்ற வரி எழும். இதைச் சேவற்கொண்டை என்பர். இவ்வரியை வெளிப்புறத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. வளையத்தின் உள்விளிம்பு குறுகியது, வெளிவிளிம்பு நீண்டது. உள்ளே சுற்றுகள் நெருங்கி நிற்கும்போது வெளியே இடைவெளி விடும். முடிச்சின் பருமன் அவ்விடைவெளியை நிரப்பிவிடுகிறது.

ஆரக்கால் சேரும் இடத்தில் கயிற்றைக் குறுக்காகப் பெருக்கல் குறிபோல் செலுத்துக. பாகம் முடிந்ததும் முனையை ஊசியால் பத்துச் சுற்றுகளுக்கு அடியில் இழுத்து மறைக்க. பின்பு ஈரத்துணியால் மெல்ல ஒற்றி நிழலில் உலர்த்தினால் பருத்தி குறுகி இறுகும். மரச்சக்கரமாயின் நீர் காட்டலாகாது. உலர்ந்தபின் அரக்கை இருமுறை மெல்லியதாகப் பூசுக. கனமாகப் பூசினால் வழுக்கும்.

6. தலைப்பாகை முடிச்சு

ஆரக்காலின் இருபுறத்தையும் மறைக்க இம்முடிச்சு உதவும். மூன்று கால் சடையை வளையமாக்கி, முனை தெரியாது இணைத்தாற்போன்றது இது. மேல் ஒன்று, கீழ் ஒன்று என்ற நெசவின் விதியே இதன் விதி. முதல் தடத்தை முடித்தபின் அதே தடத்தை ஒட்டி இன்னும் இருமுறை கயிற்றைச் செலுத்த வேண்டும்.

சடையின் கால்கள் 3 ஆனால், ஓரத்து வளைவுகள் 4 அல்லது 5 ஆக இருக்கலாம், 6 ஆகலாகாது. இரண்டு எண்ணுக்கும் பொது வகுத்தி இருந்தால் ஒரே கயிற்றால் முடியாது. சிக்குக் கோலம் போடும் பெண்டிர் இதை எளிதில் உணர்வர். 3 வரிசைக்கு 5 புள்ளி வைத்து எல்லாப் புள்ளிகளையும் வளைத்தால் ஒரே கம்பியில் முடியும். 6 வைத்தால் மூன்று கம்பியாகப் பிரியும். முதலில் ஒரு தடியில் போட்டுப் பழகுக.

வண்டி நேராக நிற்கும்போது உச்சியில் வரும் இடத்தில் ஒரு தனி முடிச்சு இட்டால், மாலுமிக்குப் போலவே டிரைவருக்கும் பயன்படும்.

7. பரீட்சை

ஓரிரவு கழித்து, இரு கைகளாலும் தண்டைப் பற்றி ஈரவேஷ்டி பிழிவதுபோல் முறுக்குக. கயிறு இம்மியும் நகர்ந்தால் முழுவதையும் அவிழ்த்து மீண்டும் சுற்ற வேண்டும். வளைவில் திருப்பும்போது கயிறு உருண்டால் காரிலுள்ளோர் உயிர் போகும். பார்வைக்கு அழகாயிருக்கிறதே என்று தாட்சண்யம் பார்த்தல் கூடாது.

8. கணக்கு

கயிற்று விலையை மட்டும் எழுதி, கைக்கூலியை மறப்பது நம்மவர் வழக்கம். உதாரணமாக, கயிறு 40 மீட்டர், மீட்டர் ரூ. 5 வீதம் ரூ. 200, நாடாவும் அரக்கும் ரூ. 60, வேலை 10 மணி, மணிக்கு ரூ. 70 வீதம் ரூ. 700. ஆக அடக்கம் ரூ. 960. விலைகள் ஊருக்கு ஊர் மாறும், முறை மாறாது. தரகர் ரூ. 500 கொடுத்தால், சாமான் போக மணிக்கு ரூ. 24 மட்டுமே நிற்கும். இதை எழுதிப் பார்த்தவர் ஏமாறார்.

9. சங்கம் செய்யத்தக்கது

பழைய கார்கள் சொற்பம். ஆகையால் ஒரு சங்கத்தில் இருவர் மூவர் கற்றால் போதும். இதற்கென்று கடன் வாங்குதல் வேண்டாம். இதே சுற்று கொடுவாள் பிடிக்கும், மண்வெட்டிக் காம்புக்கும், கைத்தடிக்கும் உதவும். கற்ற கை வீணாகாது. சங்கமானது கயிற்றை மொத்தமாக வாங்கிக் கொடுக்கலாம். மாதிரித் துண்டு ஒன்றை ஆபீஸில் வைக்கலாம். பரீட்சையில் தேறியவற்றிற்கே சங்க முத்திரை இடலாம். 1960-ஆம் வருஷம் திருத்தணி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. எனினும் நகரி, புத்தூர், திருப்பதி வழியே போக்குவரத்து இன்றும் குறையவில்லை. ஆதலின் விளம்பரத் தாளைத் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிடுதல் நலம்.

1904-ஆம் வருஷத்தில் நம் ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கிராம நாணய சங்கம் தோன்றியபோது, அங்கத்தினரின் சொல்லே ஈடாக இருந்தது. இவ்வேலையிலோ கயிற்றின் இறுக்கமே ஈடு.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. நம் சங்கத்தில் இதற்கு ஏற்ற கைப்பழக்கமும் ஓய்வும் உள்ளவர் யாவர்?
2. உள்விளிம்பு 1,260 மில்லிமீட்டரானால் எத்தனை சுற்று வேண்டும்?
3. தலைப்பாகை முடிச்சில் 4 காலுக்கு 6 வளைவு ஏன் கூடாது?
4. பரீட்சையில் தேறாத சரக்கின் நஷ்டத்தைச் சுற்றியவர் ஏற்பதா, சங்கம் ஏற்பதா?