தழும்பு ஆறினாலும் கண்காணிப்பு தேவை

மார்பின் நடுவே நீண்ட தழும்புள்ள மாணவர் நம் வகுப்பில் இருக்கலாம். "சின்ன வயசுலயே ஆபரேஷன் பண்ணியாச்சு, இப்ப ஒண்ணும் இல்லீங்க சார்" என்று பெற்றோர் கூறுவர். பிறவி இதயக் குறைகள் பலவற்றில் அறுவை சிகிச்சை உயிரைக் காக்கிறது. ஆனால் தொடர் பரிசோதனையின் தேவை அதோடு முடிவதில்லை.

'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ' என்னும் குறையை எடுத்துக்கொள்வோம். நான்கு கோளாறுகள் சேர்ந்த இதனை 1888இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ விளக்கினார். இதனால் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பூக்கும். அறுவையில் கீழறைகளுக்கு இடையிலான துளையை அடைத்து, நுரையீரலுக்குச் செல்லும் குறுகிய பாதையை அகலப்படுத்துவர். அவ்வாறு அகலப்படுத்திய இடத்தில் வால்வு பலருக்கு முழுமையாக மூடுவதில்லை. இரத்தம் பின்னோக்கிக் கசிய, வலது கீழறை ஆண்டுக்கணக்கில் மெல்ல விரிவடைகிறது. இதயத்திலுள்ள தழும்பால் துடிப்பின் சீரும் கெடலாம். பதின்பருவத்திலோ பின்னரோ மாற்று வால்வு பொருத்த நேரலாம். நெடுங்காலம் அறிகுறியே தெரியாது என்பதால்தான் பலர் பரிசோதனையை நிறுத்திவிடுகின்றனர்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை:

• முன்பு ஓடியாடிய மாணவர் விரைவில் களைப்படைதல், படபடப்பு, மூச்சிரைப்பு, கால் வீக்கம்.

• விளையாடும்போது மயங்கி விழுதல். இதை வெயில் மயக்கம் என விட்டுவிடாமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

• பல் சொத்தை, ஈறு வீக்கம், விடாத காய்ச்சல். வாயிலுள்ள கிருமி இரத்தம் வழியாக இதயத்தின் உட்சுவரைத் தாக்கக்கூடும்.

• கவனம் சிதறுதல், எழுத்து வேகம் குறைதல். இக்குழந்தைகளுள் சிலருக்குக் கற்றல் இடர்ப்பாடும் உண்டு. சோம்பல் என்று கடியாமல் கூடுதல் நேரம் அளிப்போம்.

விளையாட்டிலிருந்து முற்றிலும் விலக்கி வைப்பதும் தவறு. பெரும்பாலானோருக்கு உடற்பயிற்சி நன்மையே தரும். எந்த அளவு என்பதை இதய மருத்துவரிடம் எழுதி வாங்கிவரச் சொல்லி, உடற்கல்வி ஆசிரியரிடம் பகிரலாம்.

பெற்றோர் கூட்டத்தில் "கடைசியாக எக்கோ எடுத்தது எப்போது?" என்று தனியே கேளுங்கள். விடை தெளிவாக இல்லையெனில், ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது அம்மாணவரைக் காட்டுங்கள். மாணவர் வேறு பள்ளிக்குச் செல்கையில், பெற்றோர் இசைவுடன் இத்தகவலும் உடன் செல்லட்டும்.