ஒலியும் ஊடகமும்: தோணித் துடுப்பும் ஒலிபெருக்கியின் பாதமும்

மாணவர்களே, மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தருகே, நிலவுக் காலத்தில் பாடும் மீனின் ஓசையைக் கேட்கச் செல்வோர் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு சேர்த்து வைப்பர். 1848 இல் இவ்வோசையைக் கேட்ட எமர்சன் டெனன்ட் என்பவரும், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது அது மிகுந்து கேட்டதாக எழுதியுள்ளார். இதற்குக் காரணம் யாது?

நீரில் உண்டாகும் ஒலி வளியை அடையும்போது, அதன் பெரும்பகுதி நீருக்குள்ளேயே தெறிப்படைகின்றது. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு சக்தியே வளிக்குச் செல்லும். துடுப்பு அவ்வெல்லையைத் தவிர்த்து, அதிர்வை மரத்தினூடாக நேரே காதுக்குக் கொண்டுவருகின்றது.

கவனிக்க: ஒலியின் வேகம் வளியில் செக்கனுக்கு அண்ணளவாக 340 மீற்றர், நீரில் 1500 மீற்றர், உருக்கில் 5000 மீற்றர். ஆயினும் "வேகம் கூடியதால் உரப்பும் கூடியது" என எழுதுவது தவறாகும். உரப்பு, காதை அடையும் அதிர்வின் வீச்சத்தில் தங்கியுள்ளது.

இதே தத்துவத்தை உங்கள் வீட்டு ஒலிபெருக்கியிலும் காணலாம். ஒலிபெருக்கி ஒலிக்கும்போது அதன் பெட்டியும் சிறிது அதிரும். பெட்டியை மரமேசையில் நேரடியாக வைத்தால் அவ்வதிர்வு மேசைக்குக் கடத்தப்படும். இசைக்கவையின் காம்பை மேசையில் ஊன்றியதும் ஒலி உரத்துக் கேட்பதைப் போல, மேசையின் அகன்ற பரப்பும் வளியை அதிரச் செய்யும். இதனால் பாட்டுடன் மேசையின் இரைச்சலும் கலக்கும். பெட்டியின் அடியிலுள்ள மென்மையான இறப்பர்ப் பாதங்கள் இக்கடத்தலைக் குறைக்கின்றன. திணிவு மிக்க சீமெந்துத் தரை எளிதில் அதிராது. ஆகவே அங்கு பாதங்களால் ஏற்படும் வேறுபாடு குறைவு.

வைக்கும் இடமும் முக்கியமானது. 85 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய ஒலியின் அலைநீளம் 340 ÷ 85 = 4 மீற்றர். தரைக்கும் சுவருக்கும் அண்மையில் பெட்டி இருப்பின், தெறித்த அலையும் நேர் அலையும் ஏறத்தாழ ஒருமித்துச் சேரும். எனவே அறையின் மூலையில் வைத்த பெட்டியில் தாழ்ந்த சுருதி ஒலிகள் மிகுந்து, பேச்சு தெளிவற்றுக் கேட்கும். 3400 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 0.1 மீற்றர் மட்டுமே. அதற்கு இவ்வாறான மிகைப்பு ஏற்படாது.

மாதிரி வினா: இரவில் அயல் வீட்டாருக்கு இடையூறு ஏற்படாதிருக்க, ஒருவர் ஒலிபெருக்கிக்கு இறப்பர்ப் பாதங்களை மட்டும் பொருத்தினார். இது போதுமானதா? விளக்குக.

விடை: போதாது. பாதங்கள் திண்மத்தினூடாகக் கடத்தப்படும் அதிர்வையே குறைக்கும். வளியினூடாகச் செல்லும் ஒலி யன்னல் வழியே வெளியேறும். ஆகவே உரப்பைக் குறைத்தல் வேண்டும். பெட்டியை மூலையிலிருந்து நகர்த்துதலும் நன்று.

விடை எழுதுமுன், ஒலி எந்த ஊடகத்திலிருந்து எந்த ஊடகத்திற்குச் செல்கின்றது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் அங்கேயே புலப்படும்.