சொந்த வீடும் தண்ணீரும்: முதன்முதலாக வீடு கட்டுவோருக்குச் சில குறிப்புகள்



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கல்யாணத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வயது வரவில்லை. வீட்டைப் பற்றி எழுத மட்டும் என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் அப்பா கொத்தனார். அம்மா அவரோடு சித்தாளாக வேலைக்குப் போனவர். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் அவர்கள் கை பட்டு எழுந்தவை. ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் பெயரிலும் பத்திரம் என்று ஒன்று இருந்ததில்லை. அம்மாவின் நகையும் வங்கிக் கடனுமாகச் சேர்த்து, மாடம்பாக்கத்தில் சின்னதாக ஒரு மனை வாங்கி இப்போதுதான் கடைக்கால் போட்டிருக்கிறோம்.

"நீதாம்மா படிச்ச பொண்ணு, பேப்பரைப் பார்த்துச் சொல்லு" என்று என்னிடம்தான் எல்லாவற்றையும் நீட்டினார்கள். நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். இன்றோ நாளையோ உங்கள் கையிலும் அந்தப் பேப்பர் வரும். வகுப்பில் படித்ததையும், அப்பா அம்மாவிடம் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அப்பா அடிக்கடி சொல்வது: "வூட்டுக்கு எதிரி தண்ணி. வூட்டுக்காரனுக்குக் கூட்டாளியும் தண்ணிதான்." யோசித்துப் பார்த்தால் வீடு கட்டும்போது எடுக்கும் முக்கிய முடிவுகள் எல்லாமே தண்ணீரைப் பற்றிய முடிவுகள்தான்.

நம் பகுதியின் இயல்பு

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று நம் பக்கத்தில் ஊருக்கு ஒரு ஏரி உண்டு. ஒன்று நிரம்பினால் உபரி நீர் அடுத்ததற்குப் போகும்படி முன்னோர்கள் அமைத்திருந்தார்கள். கிழக்குப் பக்கத் தண்ணீர் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும். மேற்கே முடிச்சூர் பக்கத் தண்ணீர் அடையாற்றைச் சேரும். இடையில் வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் வீட்டுக்குள்தானே வரும்!

2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மக்களைப் படகில் மீட்டார்கள். நான்கே வருடம் கழித்து, 2019 கோடையில், சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தோம். ஆகவே நம் ஊரில் வீடு கட்டுகிறவர் வெள்ளத்துக்கும் தயாராக வேண்டும், வறட்சிக்கும் தயாராக வேண்டும்.

மனை: காகிதமும் கண்ணும்

பார்க்க வேண்டிய காகிதங்கள் ஐந்து.

1. தாய்ப் பத்திரம்: விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று சொல்வது. ஜெராக்ஸ் போதாது, அசலைப் பார்க்க வேண்டும். அசல் எங்காவது அடமானத்தில் இருக்கலாம்.
2. வில்லங்கச் சான்று: குறைந்தது 30 வருடத்துக்கு. இதில் பதிவான விவகாரங்கள் மட்டுமே வரும். "வில்லங்கம் இல்லை" என்று வந்தால் வம்பே இல்லை என்று பொருள் அல்ல.
3. பட்டா: யார் பெயரில், எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பு என்று பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும்.
4. புல வரைபடம்: எப்.எம்.பி. என்று சொல்வார்கள். நாம் சர்வேயில் படிப்பது இங்கேதான் உதவும்.
5. மனைப்பிரிவு அங்கீகாரம்: அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளை முறைப்படுத்த 2017ல் அரசு விதிகள் கொண்டு வந்தது. பழைய மனை என்றால் முறைப்படுத்திய உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இப்போதைய மனையை வாங்குவதற்கு முன் ஒரு தரகர் எங்களுக்கு வேறொரு மனையைக் காட்டினார். பக்கத்து மனைகளைவிட விலை நிறையவே குறைவு. "இன்னைக்கே அட்வான்ஸ் போட்டாதான் கிடைக்கும்" என்று அவசரப்படுத்தினார். வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். மனை இருந்த ஓரத்தில் ஒரு வாய்க்கால் ஓடியது. நேரில் போனால் வாய்க்காலையே காணோம், மண் கொட்டி மட்டமாக இருந்தது. அப்பாவுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. அவர் தரையைப் பார்த்துவிட்டு, "கோரை மொளச்சிருக்கு பாரு கண்ணு. இது தண்ணி நிக்கிற எடம்" என்றார். காகிதம் சொன்னதையே கோரைப்புல்லும் சொன்னது. அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிட்டோம். அந்தப் பணம் போயிருந்தால் அம்மாவின் நகையை மீட்க இன்னொரு இருபது வருடம் சித்தாள் வேலைதான்.

எனவே வரைபடத்தையும் பாருங்கள், வயதானவர்கள் கண்ணையும் நம்புங்கள். முடிந்தால் மனையை ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள். சித்திரை வெயிலில் எல்லா மனையும் மேட்டு மனைதான்!

2021 முதல் மாடம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் அனுமதி தருகிறார்கள். அனுமதி சீக்கிரம் கிடைக்கும். ஆனால் விதிப்படி இடம் விட்டுக் கட்டும் பொறுப்பு நம் தலையில்.

எதில் சிக்கனம், எதில் தாராளம்?

எல்லோருக்கும் பணம் பாதியில் இழுக்கும். அப்போது ஒரு விதியை மனதில் வையுங்கள்: பிறகு மாற்ற முடியாததில் கஞ்சத்தனம் வேண்டாம், பிறகு மாற்றக் கூடியதில் அவசரம் வேண்டாம். கடைக்கால், பேஸ்மட்டத்தின் உயரம், கம்பி, காங்கிரீட், மாடிச் சரிவு, சுவருக்குள் போகும் பைப், எர்த்திங் இவை முதல் வகை. அலமாரி, டைல்ஸ், பெயிண்ட், முகப்பு அலங்காரம், காம்பவுண்டு கேட் இவை இரண்டாம் வகை. நம் ஜனங்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். முகப்புக்குக் கடன் வாங்குகிறார்கள், கம்பியில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

பேஸ்மட்டம்

பக்கத்து வீட்டுச் சுவரில் 2015 வெள்ளம் நின்ற அடையாளத்தைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து அந்த மட்டத்தை நம் மனைக்குக் கொண்டு வரலாம். எந்தக் கொத்தனாரிடமும் அந்த டியூப் இருக்கும். அதற்கு மேல் ஒரு அடியாவது உயர்த்துங்கள். இன்னொன்று, பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போட்டால் ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று அங்குலம் ஏறும். அப்பா கட்டிய காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகளில் இன்று ரோட்டிலிருந்து படி இறங்கிப் போகிறார்கள். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உள்ளே நிரப்பும் மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல், அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இல்லையென்றால் ஒரே வருடத்தில் தரை உள்வாங்கும்.

காங்கிரீட்டில் தண்ணீர்

ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.5 என்றால் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். வேலையிடத்தில் யாரும் அளப்பதில்லை. ஏன் என்று அம்மாவைக் கேட்டேன். "தண்ணி ஊத்துனா கலவை சுலபமா எறங்கும். காலையிலேர்ந்து சட்டி தூக்கற கை வலிக்குதில்ல?" என்றார். பாடப் புத்தகத்தில் இல்லாத பதில் இது! ஆகவே வேலையாட்களைத் திட்டிப் பயனில்லை. போதுமான ஆளும், கலவையை அமுக்க வைப்ரேட்டரும் ஏற்பாடு செய்து கொடுங்கள். தண்ணீர் தானாகக் குறையும்.

அதிகப்படி தண்ணீர் ஆவியானதும் காங்கிரீட்டில் நுண்துளைகள் மிஞ்சும். அவற்றின் வழியே ஈரமும் காற்றும் போய்க் கம்பி துருப்பிடிக்கும். துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும். அதனால்தான் சீலிங் பெயர்ந்து விழுகிறது. இதைத் தடுக்க, கம்பிக்கு வெளியே தளத்தில் 20 மில்லிமீட்டரும் தூணில் 40 மில்லிமீட்டரும் காங்கிரீட் இருக்க வேண்டும். அதற்குக் கவர் பிளாக் வையுங்கள், ஜல்லித் துண்டு வேண்டாம். பி.பி.சி. சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள், ஓ.பி.சி. என்றால் 7 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது நல்ல வழி.

மொட்டை மாடி

மாடியில் தண்ணீர் ஓட வேண்டும், நிற்கக் கூடாது. 60க்கு 1 என்ற சரிவு என்றால் 10 அடி நீளத்துக்கு 2 அங்குலம் இறக்கம். தட்டோடு பதித்து முடித்தவுடன் நாலு குடம் தண்ணீர் கொட்டிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே அன்றைக்கே சரி செய்யச் சொல்லுங்கள், கூலி கொடுத்த பிறகு யாரும் வர மாட்டார்கள். கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்தால் இரண்டு இலையிலேயே பிடுங்கிவிடுங்கள். இரண்டு வருடம் விட்டால் சுவரே பிளக்கும்.

மழைநீர்

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003ல் கட்டாயமானது. பல வீடுகளில் அது அதிகாரிக்குக் காட்ட வைத்த குழியாகவே நின்றுவிட்டது. கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 46.5 சதுர மீட்டர். சென்னைப் பகுதியில் சராசரியாக ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை. பெருக்கினால் 65,000 லிட்டர். வீணாவது போக 80 சதவீதம் பிடித்தாலும் 52,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நாலு லாரிக்கு மேல்! ஒரு சின்ன வீட்டின் மாடியில் இவ்வளவு விழுகிறது. வடிகட்டிச் சம்பில் பிடிக்கலாம், மிச்சத்தைக் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ விடலாம். குழியில் உள்ள ஜல்லி, மணலை வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கழுவாவிட்டால் சேறு அடைத்துக்கொள்ளும்.

செப்டிக் டேங்க்: ஆளை இறக்காதீர்கள்

பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் செப்டிக் டேங்க்தான். கிணறு, போர், சம்பு மூன்றிலிருந்தும் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்சும் லாரியைக் கூப்பிட்டு எடுக்க வேண்டும். மூடியை லாரிக் குழாய் எட்டும் இடத்தில் அமையுங்கள். அதன்மேல் டைல்ஸ் ஒட்டி மறைக்காதீர்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் மனிதரை உள்ளே இறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு ஒரு நிமிடத்தில் மயக்கிவிடும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகளைப் பேப்பரில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம். ஆளை இறக்கும் வீட்டுக்காரருக்கும் சிறைத் தண்டனை உண்டு. சொந்த வீடு வந்ததும் நாம் வேலை கொடுக்கிற இடத்துக்கு வருகிறோம். நேற்றுவரை வேலை கேட்டு நின்ற வீட்டுப் பிள்ளைகள் நாம். அடுத்தவர் உயிர் விஷயத்தில் அதை மறக்கக் கூடாது.

பராமரிப்புக் காலண்டர்

மாதம் ஒருமுறை: ஆர்.சி.சி.பி. சுவிட்சில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். கரண்ட் கட்டாக வேண்டும். ஆகாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை: மேல் டேங்க், சம்பு கழுவுதல். ஏப்ரலிலும் அக்டோபரிலும் வீட்டு வரி கட்டுதல்.

ஜனவரி: மழை ஓய்ந்ததும் ஈரம் கசிந்த இடங்களுக்குப் பென்சிலால் வட்டம் போடுங்கள். விரிசல் இருந்தால் இரண்டு முனையிலும் கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள். நீளாவிட்டால் பூச்சு விரிசல், கவலை இல்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி மாதா மாதம் நீண்டால் இன்ஜினியரைக் காட்டுங்கள். அதன்மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடிப்பது ஜுரத்துக்குப் பவுடர் பூசுவது மாதிரி.

மே, ஜூன்: சுவரும் தளமும் நன்றாகக் காய்ந்திருக்கும். கசிவை அடைக்கவும் பெயிண்ட் அடிக்கவும் இதுதான் காலம்.

செப்டம்பர்: மாடியைப் பெருக்கி, மழைநீர்க் குழாய் அடைப்பை நீக்கி, உறிஞ்சு குழியைக் கழுவுங்கள். இந்த ஒரு நாள் வேலை அடுத்த மூன்று மாதத்தைக் காப்பாற்றும்.

இதற்கெல்லாம் பணம்? கட்டிய செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று வருடந்தோறும் ஒதுக்குங்கள். 15 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வருடம் 15,000, அதாவது மாதம் 1,250 ரூபாய். சீட்டுப் பணம் கட்டுவது போல இதையும் கட்டி வந்தால், சீலிங் விழும்போது வட்டிக்கு ஓட வேண்டியதில்லை.

நண்பர்களே! நாம் படிக்கும் பட்டயப் படிப்பு நமக்கு வேலை வாங்கித் தர மட்டும் அல்ல. நம் தெருவில் யாராவது மனை வாங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், கூப்பிடும் வரை காத்திராமல் போய், "வரைபடத்தைக் கொஞ்சம் காட்டுங்க அண்ணே, பார்த்துச் சொல்றேன்" என்று கேளுங்கள். பத்து நிமிட வேலைதான். ஒரு குடும்பத்தின் இருபது வருடச் சம்பாத்தியம் அதில் தப்பிக்கும்.

— மூன்றாம் ஆண்டு மாணவி, கட்டடப் பொறியியல் துறை