ஒரு பக்கம் கேட்காத இயர்போன்: கடையிலேயே செய்யக்கூடிய சோதனையும் பழுதுபார்ப்பும்

மளிகைக் கடைக்கும் இயர்போனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட காலம் போய்விட்டது. ஷாம்புச் சரத்துக்குப் பக்கத்திலேயே இயர்போன் அட்டையும் தொங்குகிறது. கனகசெட்டிக்குளத்தில் நமது கடைக்கு மீனவக் குடும்பத்தினர் வருகிறார்கள். காலாப்பட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் வருகிறார்கள். பக்கத்து மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாகத் தங்கியிருப்பவர்களும் வருகிறார்கள். அரிசி வாங்க வருபவர் இயர்போனும் வாங்கிப் போகிறார். லாபம் சிறிது, ஆனால் திரும்பி வரும் சரக்கில் இதுவே முதலிடம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு நேர்ந்ததை மறைக்காமல் சொல்கிறோம். மாதாமாதம் நம்மிடமே மளிகைச் சிட்டை கொடுப்பவர் ஒருவர் வந்தார். "அண்ணே, நேத்துதான் வாங்கினேன், ஒரு பக்கம் பாட்டே வரல" என்றார். கடையில் கூட்டம். சுவரில் இருந்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைக் காட்டினோம். அவர் ஒன்றும் பேசாமல் இயர்போனை மேசை மீது வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதச் சிட்டை வரவில்லை. சில வாரம் கழித்து அதே இயர்போனை நமது செல்போனில் செருகிப் பார்த்தபோது இரண்டு பக்கமும் நன்றாகப் பாடியது. கோளாறு அவருடைய செல்போனில் இருந்திருக்கிறது. அன்றைக்கே செருகிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். இன்றும் அவர் வணக்கம் சொல்கிறார். சிட்டை மட்டும் வேறு கடைக்குப் போகிறது.

அதன் பிறகு கற்றுக்கொண்டதை இங்கே முறையாகத் தருகிறோம்.

சட்டம் சொல்வது

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. பழுதுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதும், பில்லில் காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாட்களுக்குள் மறுப்பதும் முறையற்ற வணிக நடவடிக்கை என்று அச்சட்டம் கூறுகிறது. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே வகையில் சேரும். ஆகவே பலகையைக் காட்டித் தப்பிக்க இயலாது. அதே சமயம் நாய்க்குட்டி கடித்ததையும், வண்டிச் சக்கரத்தில் சிக்கி அறுந்ததையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. எது சரக்கின் பழுது, எது உபயோகத்தில் வந்த பழுது என்று பிரித்தறியத்தான் சோதனை.

பிளக்கைப் புரிந்துகொள்வோம்

சாதாரண இயர்போனின் பிளக் 3.5 மி.மீ. பருமன் உள்ளது. அதில் கறுப்பு வளையங்கள் இரண்டு இருந்தால் உலோகப் பகுதிகள் மூன்று: நுனி இடக்காதுக்கு, நடுப்பகுதி வலக்காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. கறுப்பு வளையம் மூன்று இருந்தால் மைக் உள்ள ரகம். இன்றைய செல்போன்களுக்கான ரகத்தில் நுனி இடது, அடுத்தது வலது, மூன்றாவது பொது, அடிப்பகுதி மைக். சில பழைய ரகங்களில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். அப்படிப்பட்டதைப் புதிய செல்போனில் செருகினால் பாடகர் குரல் அமுங்கி, வாத்தியம் மட்டும் கேட்கும். மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பிவிடும். இது பழுதல்ல, ரகப் பொருத்தமின்மை. மாற்றிக் கொடுத்துவிடலாம்.

ஐந்து நிமிடச் சோதனை

1. நன்றாக வேலை செய்யும் இயர்போன் ஒன்றையும், செருகு துளை உள்ள பழைய செல்போன் ஒன்றையும் கல்லாவில் தனியே வையுங்கள். வாடிக்கையாளரின் இயர்போனை நமது செல்போனிலும், நமது இயர்போனை அவருடைய செல்போனிலும் செருகிப் பாருங்கள். பழுது யார் பக்கம் என்பது அவர் கண் முன்பே தெரிந்துவிடும்.

2. செல்போன் பக்கம் என்றால் துளையைப் பாருங்கள். சட்டைப் பைப் பஞ்சு உள்ளே அடைந்து, பிளக் முழுதும் இறங்காமல் நிற்பது மிகச் சாதாரணம். செல்போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள். ஊக்கு, ஊசி கூடாது. இடது வலது ஒலி அளவு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறதா என்று அமைப்பிலும் பாருங்கள்.

3. ஒரு பக்கம் மெதுவாகக் கேட்டால் காதில் வைக்கும் வலையைப் பாருங்கள். காது அழுக்கு அடைத்திருக்கும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் தூசு வெளியே விழும். தண்ணீர் வேண்டாம்.

4. பாட்டை ஓடவிட்டு, பிளக்கின் கழுத்து, மைக் பெட்டி, ஒயர் இரண்டாகப் பிரியும் இடம், காதுப் பகுதியின் கழுத்து ஆகிய நான்கு இடங்களையும் ஒவ்வொன்றாக மெல்ல வளைத்துப் பாருங்கள். எங்கே வளைக்கும்போது ஒலி விட்டு விட்டு வருகிறதோ அங்கேதான் உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது. ஒயரை மடக்கி மடக்கிப் பையில் திணிப்பதால் பிளக்கின் கழுத்தே அதிகம் அறுகிறது.

5. மீட்டர் இருந்தால் ஓம் அளவில் வைத்து, நுனிக்கும் பொதுப் பகுதிக்கும் இடையே தொடுங்கள். பெரும்பாலான இயர்போன்களில் 16 முதல் 32 ஓம் அளவு காட்டும். காதில் "டிக்" என்ற சத்தமும் கேட்கும். வலப் பக்கத்தையும் அப்படியே பாருங்கள். எதுவும் காட்டாவிட்டால் ஒயர் அறுந்துள்ளது; பூஜ்யம் காட்டினால் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டியுள்ளது. இரு பக்கமும் தனித்தனியே எதுவும் காட்டாமல், நுனிக்கும் வலப் பகுதிக்கும் இடையே மட்டும் ஏறத்தாழ இரட்டிப்பு அளவு காட்டினால், பொது ஒயர் அறுந்துள்ளது என்று பொருள்.

எதைப் பழுது பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்?

மலிவு விலை இயர்போனின் காதுப் பகுதி பசையால் ஒட்டப்பட்டது. அதைப் பிளந்து வேலை செய்தால் கூலிக்குக்கூடக் கட்டாது. பழுது பிளக்கின் கழுத்தில் இருந்தாலோ, விலை கூடிய ஹெட்போனாக இருந்தாலோ புதிய பிளக் போடுவது லாபம். டைப்-சி பிளக் உள்ள பல ரகங்களில் பிளக்குக்குள்ளேயே சிறு மின்சுற்று இருக்கிறது. அதை வெட்டி 3.5 மி.மீ. போல ஒட்ட முடியாது. பாட்டரி உள்ள ஒயரில்லா ரகங்களைத் திறக்கவே வேண்டாம். உத்தரவாதம் முடியாத சரக்கையும் திறக்காமல் விற்ற இடத்துக்கே அனுப்புங்கள்.

பிளக் மாற்றும் முறை

உலோக உறை உள்ள பிளக், 25 வாட் சால்டரிங் அயன், ரோசின் உள்ள ஈயக் கம்பி, சுருங்கும் குழாய் ஆகியவை போதும். சென்னை ரிச்சி தெருவில் இவை எல்லாம் கிடைக்கும்.

பழைய பிளக்கிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு ஒயரை வெட்டுங்கள். முதல் வேலையாக உறையையும் சுருங்கும் குழாயையும் ஒயரில் கோத்துவிடுங்கள். இதை மறந்து பற்றவைத்து முடித்துவிட்டு, மீண்டும் பிரித்தவர்கள் நம்மில் பலர்.

உள்ளே இருக்கும் நுண்ணிய செம்புக் கம்பிகளுக்குச் சிவப்பு, பச்சை, செம்பு நிறம் என்று மேற்பூச்சு உண்டு. சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொது என்பது வழக்கம். ஆனால் எல்லாத் தயாரிப்பாளரும் அதைப் பின்பற்றுவதில்லை. மீட்டரால் தொட்டு எந்தக் காதில் "டிக்" கேட்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மேற்பூச்சு மின்சாரத்தை விடாது. அயன் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, அதற்குள் கம்பி நுனியைச் சில விநாடி வைத்தால் பூச்சு கருகி, கம்பி வெள்ளி போல் பளபளக்கும். இதைச் செய்யாமல் பற்றவைத்த இணைப்பு பார்க்க நன்றாக இருக்கும், பாடாது.

பிளக்கின் ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சூடு வைக்காதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் இளகி, பகுதிகள் இடம் நகர்ந்துவிடும். மூன்று இணைப்பும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதைப் பார்த்து, பிளக்கின் அடியில் உள்ள கவ்வியை ஒயரின் மேலுறை மீது அழுத்துங்கள். இழுப்பைத் தாங்குவது கவ்விதான். உறையை மூடுமுன் பாடவிட்டுச் சோதியுங்கள்.

மளிகைக் கடைக்காரர் மறக்கக் கூடாதவை

ஈயம் நஞ்சு. அரிசி, பருப்பு, எண்ணெய் எடைபோடும் மேசையில் ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். காற்றோட்டமான வேறு இடத்தில், தனி மேசையில் செய்து, சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே சரக்கைத் தொடுங்கள். கழித்த ஒயரைச் செம்புக்காக எரிக்கவும் வேண்டாம்; அதன் புகை கேடு. மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுத்துவிடுங்கள். ஒருவர் காதில் வைத்துத் திரும்பிய இயர்போனை மீண்டும் அட்டையில் மாட்டி விற்பதும் கூடாது.

நம்மைப் போலக் கடலோரத்தில் கடை வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் தொங்கும் சரக்கின் பிளக் மங்கி, செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். வாசலில் ஒன்றிரண்டை மட்டும் தொங்கவிட்டு, மீதியை மூடிய டப்பாவில் வையுங்கள்.

மொத்த வியாபாரியிடம் பேச

திரும்பி வரும் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: கொள்முதல் தேதி, ரகம், பழுது எந்த இடத்தில் என்ற மூன்றும் போதும். ஒரே பெட்டியில் நான்கு ஐந்து சரக்கு ஒரே கழுத்தில் விட்டுப்போனால் அது உபயோகத்தில் வந்த பழுதல்ல; தயாரிப்பின் பழுது. நோட்டைக் காட்டிப் பேசினால் மொத்த வியாபாரியும் மறுக்கத் தயங்குவார். கொள்முதல் பில்லில் மாற்றித் தரும் நிபந்தனையை முதலிலேயே எழுதி வாங்குங்கள். மொத்த வியாபாரிகளும் இதைப் பாரமாக எண்ண வேண்டாம். எந்தச் சரக்கை இனி எடுக்கக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லும் நோட்டும் அதுவே.

நமது கடைச் சுவரில் இப்போது அந்தப் பலகை இல்லை. கல்லாவுக்குள் பழைய செல்போன் ஒன்றும், பல்குச்சிப் பெட்டி ஒன்றும், மீட்டர் ஒன்றும் இருக்கின்றன. "ஒரு பக்கம் கேட்கலை" என்று யாராவது வந்தால், "கொடுங்கள், பார்த்துவிடலாம்" என்கிறோம். மாற்றித் தர வேண்டியதாக இருந்தாலும், தர இயலாததாக இருந்தாலும், காரணத்தைக் கண்ணால் பார்த்தவர் கோபத்தோடு படியிறங்குவதில்லை. அடுத்த மாதச் சிட்டையும் நம்மிடமே வருகிறது.