தீக்குச்சி கற்பிக்கும் சுகாதாரப் பாடம்

சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தீப்பெட்டித் தொழிலை அறியாத குடும்பம் அரிது. ஆயினும், இத்தொழில் செய்வோரை மேனாடுகளில் ஒரு காலத்தில் வாட்டிய கொடிய தாடை நோய் இங்கே ஏன் பரவவில்லை என்பதை அறிந்தவர் சிலரே. காரணம் ஒரு சட்டம். சிவகாசியில் முதல் தீக்குச்சி செய்யப்படுவதற்குப் பத்து ஆண்டுகள் முன்னரே அச்சட்டம் பிறந்துவிட்டது. ஐக்கிய சங்க அங்கத்தினர் அதன் வரலாற்றை அறிதல் நலம்.

நோயும் அதன் காரணமும்

1830-ஆம் ஆண்டுக்குப் பின் ஐரோப்பாவில் தீக்குச்சி முனைக்கு வெண்பாஸ்வரம் சேர்க்கப்பட்டது. அக்குச்சியை எங்கே உரைத்தாலும் பற்றும், விலையும் மலிவு. ஆனால் அதன் புகையைப் பல்லாண்டு சுவாசித்த தொழிலாளருக்கு முதலில் பல் நோவும், பின்னர் ஈறு வீக்கமும் சீழும் கண்டு, முடிவில் தாடையெலும்பே அழுகிற்று. எலும்பை அறுத்தெடுப்பதன்றி வேறு சிகிச்சை இல்லை. 1845-இல் வியன்னா நகரத்து வைத்தியர் லோரின்ஸர் இந்நோயை விவரித்து எழுதினார்.

மாற்று இருந்தும் தாமதம் ஏன்?

மாற்று வழி அப்பொழுதே தெரிந்திருந்தது. 1844-இல் ஸ்வீடன் தேசத்துப் பாஷ் என்பவர், தீங்கு குறைந்த செம்பாஸ்வரத்தைப் பெட்டியின் பக்கத்தில் தடவி, குச்சியின் முனையில் வேறு மருந்து வைக்கும் முறையைக் கண்டார். எனினும் வெண்பாஸ்வரம் ஒழிய அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. ஒரு முதலாளி மட்டும் அதைக் கைவிட்டால், கைவிடாத அண்டை முதலாளி மலிவாக விற்றுச் சந்தையைக் கைக்கொள்வார். ஒரு தேசம் மட்டும் தடுத்தால், அயல் தேசத்துச் சரக்கு உள்ளே நுழையும். பின்லாந்து 1872-இலும் டென்மார்க் 1874-இலும் தனித்தனியே தடை விதித்தன. 1906-இல் பெர்ன் நகரில் பல தேசங்கள் கூடி உடன்படிக்கை செய்த பின்னரே வழி பிறந்தது.

இந்தியாவில் 1913-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம் வெண்பாஸ்வரத் தீக்குச்சியின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை ஆகிய மூன்றையும் தடுத்தது. வாசல் மூன்றும் ஒருங்கே அடைபட்டதால் களவாக நுழைய வழியில்லை. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்று, 1923-இல் ஊர் திரும்பித் தொடங்கியபொழுது, அத்தீங்கு அவர்களோடு வரவில்லை.

சட்டம் முடிக்காத வேலை

ஆயினும் தீ விபத்தை அச்சட்டம் தடுக்கவில்லை; அது அதன் நோக்கமுமன்று. வெடி மருந்துக்கு 1940-ஆம் ஆண்டு விதிகள் லைசென்ஸ் முறையைக் கொணர்ந்தன. ஓர் அறையில் இருக்கத்தக்க ஆட்களுக்கும் மருந்துக்கும் விதிகளில் வரம்பு உண்டு. விதி ஏட்டில் இருந்தும் உயிர் போவதுண்டு. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் காண வந்து கூடியவர்களும் உண்டு.

2018-இல் உச்ச நீதிமன்றம், காற்றின் தூய்மை கருதிப் பேரியம் உப்புக்களையும் சரவெடியையும் தடுத்தது. நீரி ஆராய்ச்சி நிலையத்தார் உதவியுடன் உருவான பசுமைப் பட்டாசு 1919-இன் பழைய சரக்கன்று, 2019-இல்தான் வெளிவந்தது. தடை முந்த, மாற்றுப் பிந்தியதால், இடைக்காலத்தில் கூலியாட்கள் வேலைக்குக் கலங்கினர். 1913-இல் மாற்றுச் சரக்கு ஆயத்தமாயிருந்தது. இதுவே இரண்டுக்கும் உள்ள வேற்றுமை.

பாடத்தின் சாரம்

நல்ல சுகாதாரச் சட்டத்துக்கு மூன்று இலக்கணம்: எல்லா உற்பத்தியாளரையும் சமமாகக் கட்டுதல், மாற்றை முன்னரே ஆயத்தமாக்குதல், மீறினால் எளிதிற் கண்டறியக் கூடியதாயிருத்தல். தனியொருவர் நல்லவராயிருந்து நஷ்டமடைவதினும் யாவரும் ஒருங்கே கட்டுப்படுதல் சிறந்தது. ஐக்கியத்தின் தத்துவமும் அதுவே. மலிவான சரக்கைக் காணுந்தோறும், அம்மலிவுக்கு யார் தேகத்தால் விலை கொடுத்தார் என்று கேட்பது அங்கத்தினர் கடமை.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. மூன்று வாசல்களில் ஒன்று திறந்திருந்தால் 1913-ஆம் ஆண்டுச் சட்டம் பலித்திருக்குமா?
2. நம் ஊர்ப் பட்டறைகளில் அறைக்குரிய ஆள் வரம்பு எழுதி வைக்கப்பட்டுள்ளதா? அதைப் படித்துக் காட்டுவோர் யார்?
3. தடையால் வேலை இழப்போருக்குச் சங்கம் எவ்வகையில் உதவலாம்?