பச்சோணானுக்குக் கூண்டு கேட்ட தம்பிக்கு



திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் வண்டி ஏறாமல் நீ தூக்கி வந்த பச்சோணானுக்குக் கூண்டு எப்படி அமைப்பது, எத்தனை வேளை தீனி வைப்பது என்று கேட்டிருந்தாய். முதலில் வனத்துறைக்குப் போன் செய். பச்சோணான் என்கிற நம்மூர்ப் பச்சோந்திக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. காப்பாற்றியவன் நீ என்றாலும் வீட்டில் வளர்க்க உரிமை கிடையாது. மடகாஸ்கர், ஏமன் ரகங்களை வாங்கினாலும் 2024 விதிகளின்படி அரசிடம் பதிய வேண்டும்.

அது தரையில் நடந்துகொண்டிருந்தது என்கிறாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கொம்பை விட்டு லேசில் இறங்காத பிராணி அது. இறங்கினால் துணை தேடி இருக்கலாம், அல்லது பெண்ணாக இருந்து முட்டையிட இளகிய மண் தேடி இருக்கலாம். வயிறு உப்பிய பெண்ணை நாள்கணக்கில் அடைத்துவைத்தால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டு செத்துப்போகக்கூடும். வனத்துறை ஆட்கள் வரும்வரை மட்டும் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் ஒரு வேப்பங்கொம்பை வைத்து, சத்தமில்லாத நிழலில் விடு. தீனி வேண்டாம். வாயைப் பிளந்து பூச்சியைத் திணிக்கவே கூடாது.

ஆனாலும் வளர்ப்பு முறையைத் தெரிந்து வைத்துக்கொள். அடிபட்டதை வனத்துறை சொல்லிப் பராமரிக்கும் நாள் உனக்கும் வரலாம். கண்ணாடித் தொட்டி ஆகாது: காற்று தேங்கும், தன் பிம்பத்தையே எதிரி என்று நினைத்துச் சீறும். நான்கு பக்கமும் வலை அடித்த, அகலத்தைவிட உயரம் கூடிய கூண்டுதான் சரி. விரல்கள் இரண்டு கொத்தாகப் பிரிந்து கிடுக்கிபோல் பிடிப்பதால், பிடிக்கு அடங்கும் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்கும் கட்டு. கிண்ணத்துத் தண்ணீரை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். பிளாஸ்டிக் டம்ளரில் ஊசித்துளை போட்டு இலைமேல் சொட்டவிடு. காலை வெயில் நேராக விழ வேண்டும், ஒதுங்க நிழலும் வேண்டும். புறஊதாக் கதிரும் கால்சியமும் குறைந்தால் எலும்பு இளகிக் கால் வளையும், நாக்கும் குறி தவறும். காலையில் கறுத்து, உடம்பைத் தட்டையாக்கி வெயில் காய்ந்தால் பயப்படாதே. நண்பகலிலும் கறுத்தே கிடந்தால் ஏதோ சரியில்லை. வாயைப் பிளந்திருந்தால் சூடு அதிகம்.

தீனி உயிரோடு அசைய வேண்டும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள், தலையின் அகலத்தைத் தாண்டாத தத்துக்கிளி. நிலக்கடலைக் கொல்லையில் எளிதாகக் கிடைக்கும்தான், ஆனால் மருந்தடித்த கொல்லைப் பூச்சி பச்சோணானையும் கொல்லும். மின்மினியும் கொடுக்காதே, நஞ்சு.

இவ்வளவு பாடுபட்டு நாம் கட்டுவதை ஒரு கிளுவை வேலி சும்மா தருகிறது: பிடிக்கேற்ற குச்சி, பனித்துளி, வெயில், நிழல், பூச்சி. அதனால் உன் தொழில் கூண்டு கட்டுவதல்ல, வேலி காப்பது என்றே சொல்வேன். நம் மலையில் ஃபாரஸ்ட் வே அமைப்பினர் நாட்டு மரங்களை நடுகிறார்கள், கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள், தீப்பிடித்தால் ஏறி அணைக்கிறார்கள். மெள்ள நகரும் பிராணிக்குப் புதர்த்தீயிலிருந்து தப்ப வழியில்லை. அந்த வேலைக்கு உன்னைப்போல ஆள் வேண்டும். கம்பிவேலி போடத் துடிக்கிற கொல்லைக்காரரிடம் பேசி, மழை பெய்ததும் கிளுவைப் போத்து ஊன்றச் சொல். பச்சோணான் கண்ணில் பட்டால் ஆகாது என்று கல்லெடுக்கிறவர்களிடம், அதற்கு விஷமில்லை, கொல்லைப் பூச்சியைத் தின்கிறது என்று சொன்னால் பாதிப்பேராவது கேட்பார்கள்.

வனத்துறையினர் அதை விடும்போது, எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, காலையில், சாலைக்கு உள்தள்ளிய புதரில் விடச் சொல். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே. பௌர்ணமிக் கூட்டம் கலைந்த பிறகு என்றால் நல்லது. படம் எடுத்தால் இடத்தை யாருக்கும் சொல்லாதே. இரவில் வெளிறிப்போய்க் கொம்பு நுனியில் தூங்கும். டார்ச் அடித்தால் தனியாகத் தெரியும், பிடித்து விற்கிறவனுக்கு அது போதும்.